கதவு தட்டும் படலம்

இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு படப்புத்தகம் வாசித்துக் காட்ட எவ்வளவு நேரம் வேண்டும் என்று கேட்டால், விபரம் தெரியாதவர்கள் பத்து நிமிடம் என்பார்கள். சிறுவர் வாசிப்பு விருத்திச் சபையார் விபரம் தெரிந்தவர்கள். அவர்கள் தைப்பொங்கல் கழிந்த கையோடு தொடங்கினார்கள். வைகாசிச் சோளகக் காற்று எழும்பப் போகிறது என்று கடற்கரைச் சனம் வலைகளை மூட்டை கட்டத் தொடங்கியபோதும் கதையில் ஓநாய் வந்து சேரவில்லை. தாமதத்துக்கு ஓநாயே காரணம் என்று சபையின் அறிக்கை சொல்லுகிறது.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. பேக்கரிப் பாணுக்கு விடியப்புறமே வரிசையில் நிற்கவேண்டியிருந்த காலம். தொண்டைமானாற்றுக் கடற்கரையோரம் ஒரு சின்னப் பாடசாலை. அதில் இரண்டாம் வகுப்புக்குப் படிப்பிக்க வந்திருந்தவள் இராசமலர். உடுப்பிட்டிப் பெட்டை. ஆசிரியர் கலாசாலையில் சொல்லித் தந்ததையெல்லாம் நம்பிக்கொண்டு வந்தவள். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. ஆகையால் வாயைத் திறக்குமுன் இரண்டு தரம் யோசிப்பாள். யோசித்து முடிய, பெரும்பாலும் வாயைத் திறக்கமாட்டாள்.

அவளுடைய வகுப்பில் அருந்ததி என்று ஒரு பிள்ளை இருந்தது. தகப்பன் மார்க்கண்டு கடற்றொழில். ஒவ்வொரு சோளகத்துக்கும் முல்லைத்தீவுப் பக்கம் போய் மணலில் வாடி என்கிற ஓலைக் கொட்டில் போட்டுத் தொழில் செய்கிறவன். முன்னைய வருடங்களில் பிள்ளையைப் பெரியம்மா வீட்டில் விட்டுவிட்டுப் போவார்கள். இந்த முறை தாய் இரத்தினம்மாவுக்குக் கையில் ஒரு குழந்தை. குழந்தையைப் பார்க்க அருந்ததி வேண்டும். வாடியில் பள்ளிக்கூடம் ஏது? திரும்பி வந்தாலும் இனி அனுப்புவார்களோ என்பது ஐமிச்சம். இரத்தினம்மா அதை ஒளிக்கவுமில்லை.

"நாலு எழுத்துத் தெரியும்தானே ரீச்சர். அவளுக்கு அது காணும்."

நாலு எழுத்துத்தான் தெரியும் என்பதே இராசமலரின் கவலை. பிள்ளைக்கு எழுத்துக்கள் தெரியும். அவற்றைச் சேர்த்து வாசித்தால் உள்ளே ஏதோ கிடைக்கும் என்பது தெரியாது. பாடப்புத்தகத்தில் அம்மா பானை வாங்கினார் என்று வாசிப்பாள். வாங்கினால் வாங்கட்டும் என்று புத்தகத்தை மூடிவிடுவாள். அவளைக் குறை சொல்ல முடியாது. அந்தப் பானையைப் பற்றி அறிய யாருக்குத்தான் ஆவல் வரும்? போகுமுன் ஒரு புத்தகத்தையாவது இந்தப் பிள்ளை தானாக முதலிலிருந்து கடைசிவரை வாசித்துவிட வேண்டும், ஒரே ஒரு புத்தகம், அது போதும் என்று இராசமலர் மனதுக்குள் நேர்ந்துகொண்டாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் பெட்டி வந்தது.

வெளிநாட்டுத் தர்ம ஸ்தாபனம் ஒன்று சபை மூலம் அனுப்பிய பெட்டி. உள்ளே பாடசாலைக்கென்று ஒரேயொரு படப்புத்தகம். நல்ல தடித்த கடதாசி. பக்கத்துக்கு ஒரு படம், படத்துக்குக் கீழே ஒரு வரி. அந்த நாட்டுத் தேவதைக் கதையொன்றைச் சபை தமிழில் மீளக்கூறி, வெளிநாட்டு எழுத்தின்மேல் தமிழ் அச்சடித்த துண்டுகளை ஒட்டியிருந்தது. கடைசிப் பக்கங்களுக்கு மட்டும் துண்டு ஒட்டவில்லை என்று பிறகு தெரிந்தது. அட்டையில் ஓர் ஓநாய் ஒரு வீட்டின் கதவைத் தட்டிக்கொண்டு நின்றது. பிள்ளைகள் இலையான்களைப் போல மொய்த்துவிட்டார்கள். அருந்ததி தலையை நுழைத்து, விரலை வைத்து, ஒவ்வொன்றாய்க் கூட்டினாள்.

"ஓ... நா... ய். ஓநாய்! ரீச்சர், உது ஆரின்ரை வீட்டுக் கதவைத் தட்டுது?"

"ஆட்டுக்குட்டியளின்ரை வீட்டுக் கதவை."

"குட்டியள் திறக்குதுகளோ?"

இராசமலருக்கு உடம்பு புல்லரித்தது. அந்தப் பிள்ளை ஓர் எழுத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று கேட்டது அதுதான் முதல் தடவை. "வாசிச்சுப் பாப்பம், வா" என்று அட்டையைத் திறக்கப் போனாள். அதற்குள் தலைமையாசிரியர் சோமசேகரம் ஓடிவந்து புத்தகத்தின்மேல் உள்ளங்கையை வைத்து அமத்தினார்.

"மூடும், மூடும் பிள்ளை! சபை இன்னும் வரேல்லை!"

சோமசேகரம் பென்சனுக்குக் கிட்ட வந்துவிட்ட மனிதர். பென்சன் வரும்வரைக்கும் பாடசாலையில் ஒன்றும் நடந்துவிடக் கூடாது என்பதே அவருடைய கல்விக் கொள்கை. இதுவரை அதில் அவர் தோற்றதில்லை.

வெளிநாட்டார் பெட்டியோடு ஒரு குறிப்பும் அனுப்பியிருந்தார்கள். ஆசிரியர் ஒரு பக்கத்தைச் சத்தமாக வாசிக்க வேண்டும், நிறுத்த வேண்டும், அந்தப் பக்கத்தைப் பற்றிப் பிள்ளைகளோடு பேச வேண்டும், பிறகு அடுத்த பக்கத்துக்குப் போக வேண்டும். இவ்வளவுதான். சபைத் தலைவர் முத்துக்குமாரு அதை வாசித்துவிட்டு, "இது எங்களுடைய புராண படனமல்லவா! இவர்கள் எங்கே களவெடுத்தார்கள்?" என்று எழும்பி நின்றுவிட்டார். கோயில்களில் புராணம் படிக்கும்போது ஒருவர் பாட்டை இராகமாய் இழுத்துப் படிப்பார். பக்கத்திலிருக்கும் இன்னொருவர் அதற்குப் பயன் சொல்லி விளக்குவார். பாட்டு ஒரு நிமிடமென்றால் பயன் ஒரு மணித்தியாலம். முத்துக்குமாரு ஊரறிந்த பயன்காரர். குரல் வளத்துக்குப் பெயர்போன பஞ்சலிங்கம் சபையின் செயலாளர். ஆகவே ஓநாய்க் கதையைப் பஞ்சலிங்கம் படிப்பதென்றும் முத்துக்குமாரு பயன் சொல்வதென்றும் ஏகமனதாகத் தீர்மானமாயிற்று. கூட்டத்துக்கு வந்திருந்தவர்களும் அவர்கள் இருவருந்தான்.

தொடக்க நாளில் நிறைகுடம் வைத்துக் குத்துவிளக்கு ஏற்றினார்கள். படப்புத்தகம் சிவப்புப் பட்டில் சுற்றப்பட்டுத் தாம்பாளத்தில் வந்தது. முத்துக்குமாரு தலைமையுரை ஆற்றினார்.

"மாணவச் செல்வங்களே! என் சிறுவயதில் எனக்கு ஒரு படப்புத்தகமும் யாரும் தந்ததில்லை. நான் பிரம்பாலேயே படித்தவன். அதன் பலனை இன்று நீங்கள் உங்கள் கண்முன்னே காண்கிறீர்கள்."

பிள்ளைகள் கண்முன்னே கண்டார்கள். முன் வரிசையில் ஒரு சின்னன் அழத் தொடங்கிற்று.

"எமது சபை தோன்றிய நாள்முதல் ஒரு பிள்ளையையேனும் நாம் அவசரப்பட்டு வாசிக்க விட்டதில்லை என்பதைப் பெருமையோடு கூறிக்கொள்கிறேன்."

சோமசேகரம் முதலில் கைதட்டினார். மற்றவர்கள் அவரைப் பார்த்துத் தட்டினார்கள்.

அதன்பின் பஞ்சலிங்கம் தொண்டையைச் செருமிச் சுருதி சேர்த்தார். "ஒ...ரு... ஊ...ரி...லே... ஒரு தாய் ஆ...டு..." என்று அவர் இழுத்த இழுப்பில் பக்கத்து வளவில் கட்டியிருந்த ஆடு மறுமொழி சொன்னது. முத்துக்குமாரு கையை உயர்த்திப் படிப்பை நிறுத்தினார்.

"'ஒரு' என்றார். ஏன் 'ஒரு' என்றார்? இரண்டு ஊரிலே என்று சொல்லியிருக்கலாமே? சொல்லவில்லை. மூன்று ஊரிலே என்று சொல்லியிருக்கலாமே? அதுவும் சொல்லவில்லை..."

பள்ளி மணி அடித்தபோது அவர் இன்னும் 'ஊர்' என்ற சொல்லுக்கு வரவில்லை. புத்தகத்தின் படம் பிரமுகர்கள் பக்கம் பார்த்தபடி இருந்தது. பிள்ளைகளுக்குப் பின்னட்டை தெரிந்தது. அதில் படமில்லை. எட்டிப் பார்த்த பிள்ளைகளைப் பஞ்சலிங்கம் கைகட்டி நிமிர்ந்து இருக்கச் சொன்னார். புத்தகத்தை மறுபடி பட்டில் சுற்றித் தலைவர் தன் வீட்டுக்குக் கொண்டுபோனார். பாடசாலையில் வைத்தால் பிள்ளைகள் எடுத்துவிடுவார்கள் என்று அவருக்கு ஒரு பயம்.

இப்படியே கிழமைக்கொரு தடவை படனம் நடந்தது. இரண்டாம் பக்கத்தில் தாய் ஆடு குட்டிகளை வீட்டில் விட்டுச் சந்தைக்குப் போயிற்று. அங்கேதான் வில்லங்கம். பஞ்சலிங்கம் படித்த வாய் மூடாமல் கேட்டார்: "தலைவர் அவர்களே, தகப்பன் ஆடு எங்கே?"

சபை அதிர்ந்து போயிற்று. தகப்பனைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாத வீட்டுக் கதையைக் குலம் கோத்திரம் பார்க்கும் ஊரில் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது? தகப்பன் ஆட்டின் நிலை தெரியும்வரை படனத்தை ஒத்திவைத்து, ஓர் உபகுழுவை அமைத்தார்கள். தகப்பன் கொழும்பில் அரசாங்க உத்தியோகம் என்பது பஞ்சலிங்கத்தின் கட்சி. இல்லை, மலாயாவில் உத்தியோகம் பார்த்துப் பென்சனோடு வந்த ஆடு என்றார் முத்துக்குமாரு. அவருடைய தகப்பனார் அப்படி வந்தவர். மாசி முழுவதும் இதில் போயிற்று. கடைசியில், மலாயாவிலிருந்து திரும்பிய தகப்பன் ஆடு பென்சன் அலுவலாகக் கொழும்பில் நிற்கிறது என்று இணக்கம் கண்டு, அதை அச்சடித்து ஒட்டினார்கள். துண்டு கொஞ்சம் நீண்டுபோனதால் தாய் ஆட்டின் முகம் மறைந்துவிட்டது. குடும்ப மானம் காப்பாற்றப்பட்டது.

"ரீச்சர், ஓநாய் எப்ப வரும்?" என்று அருந்ததி ஒவ்வொரு நாளும் கேட்பாள். "சோளகத்துக்கு முன்னம் வந்திடுமோ? ஐயா லொறி பேசிப்போட்டார்."

இராசமலர் தாங்கமுடியாமல் தலைமையாசிரியரிடம் போனாள்.

"சேர், கதையை நான் வாயாலை சொல்லிவிடட்டே? இல்லாட்டில் நானே கரும்பலகையிலை எழுதிப் பிள்ளையை வாசிக்க விடுறன்."

"என்ன கதையைச் சொல்லப்போறீர்? இது மீளக்கூறிய கதை, பிள்ளை. கடைசிப் பக்கங்களுக்கு இன்னும் துண்டு ஒட்டேல்லை. குட்டியள் தப்புதுகளோ இல்லையோ எண்டு சபை இன்னும் முடிவெடுக்கேல்லை. நீர் தப்பினதெண்டு சொல்ல, சபை தப்பேல்லை எண்டு சொன்னால், உம்மடை வேலையை நிரந்தரமாக்கிற நேரம் ஆர் தப்புவீனம்?"

இராசமலர் திரும்பி வந்துவிட்டாள். தன்மேலேயே அவளுக்கு வெறுப்பாயிருந்தது. வீட்டில் தகப்பன் பாரிசவாதத்தில் கிடக்கிறார். அவளுடைய சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது. கோபப்படுவதற்கும் ஒரு வசதி வேண்டியிருக்கிறது.

தவணை முடிவில், படித்த பகுதியில் சபை ஒரு பரீட்சை வைத்தது. 'ஒரு' என்ற சொல்லின் பயனை விரித்துரைக்க. தகப்பன் ஆடு கொழும்பில் நிற்பதற்கான காரணங்கள் இரண்டு தருக. கேள்விகளை வாயால் கேட்டார்கள். மற்றப் பிள்ளைகள் திருதிருவென்று முழிக்க, அருந்ததி எழும்பிக் கைகட்டிக்கொண்டு, "இரண்டு ஊரிலே என்று சொல்லியிருக்கலாமே? சொல்லவில்லை" என்று முத்துக்குமாருவின் குரலிலேயே முழுவதையும் ஒப்புவித்தாள். கணீரென்ற குரல். பஞ்சலிங்கம் மெய்மறந்து தலையாட்டினார். இராசமலருக்கு மட்டும், பிள்ளை கெட்டிக்காரி என்று சந்தோஷப்படவா, பயப்படவா என்று தெரியவில்லை.

லொறி வரும் நாள் நெருங்கியது. இராசமலர் கடைசி முயற்சியாகக் கரவெட்டியிலிருந்த முத்துக்குமாரு வீட்டுக்குப் போனாள். அவர் வீட்டிலும் மேடைத் தமிழ்தான் பேசுவார்.

"ஐயா, ஒரு பிள்ளை படிப்பை விட்டுட்டுப் போகப்போறா. ஒரு நாளைக்குப் புத்தகத்தைத் தந்தியளெண்டால், அவ தானாய் வாசிச்சு முடிச்சிடுவா. பிறகு கவனமாய்க் கொண்டந்து தாறன்."

"தனியாகவா? பயன் யார் சொல்வது?"

"தானாய் விளங்கும் ஐயா. படம் இருக்குது."

முத்துக்குமாரு கோப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார். உண்மையிலேயே திகைத்துப் போயிருந்தார்.

"பிள்ளைகளுக்குத் தானாக விளங்கிவிட்டால், அம்மா, சபை எதற்கு?"

இராசமலர் வழக்கம்போல இரண்டு தரம் யோசித்தாள். உள்ளேயிருந்து அவருடைய மனைவி கமலாவதி, "குடுத்தால் என்னவாம்? ஆட்டுக் கதைதானே" என்றாள். அது சபைக் குறிப்பில் ஏறவில்லை.

ஆனால் முத்துக்குமாருவைக் கல்நெஞ்சர் என்று சொல்லக் கூடாது. பிள்ளை போகிறது என்ற சொல் அவர் மனதைத் தொட்டுவிட்டது. கண் கலங்கியது. புராணத்தில் முக்கியமான அத்தியாயத்தை, அதாவது படலத்தை, விழாவாக எடுப்பது வழக்கம். அதேபோல 'கதவு தட்டும் படல'த்தை லொறி புறப்படும் அன்று காலையே விழாவாக எடுப்பதென்றும், பஞ்சலிங்கத்துக்குப் பதிலாக அருந்ததியே அன்றைக்குப் படிப்பதென்றும் அவர் அந்த இடத்திலேயே தீர்மானித்தார். இராசமலருக்கு மூச்சு வந்தது. எப்படியோ பிள்ளையின் கையில் புத்தகம் வரப்போகிறது.

பஞ்சலிங்கம் பின்னேரங்களில் வந்து அருந்ததியைப் பழக்கினார். புத்தகம் கொண்டுவரவில்லை. புத்தகத்தைப் பார்த்தால் சுருதி விலகிவிடும் என்றார். வரியை அவர் சொல்ல, அவள் சொன்னாள். எங்கே இழுப்பது, எங்கே நிறுத்துவது, நிறுத்திய பின் எப்படிக் கண்ணை மூடிப் பயனுக்குக் காத்திருப்பது எல்லாம் படிப்பித்தார்.

"படிக்கிற ஆளுக்கு அடக்கம் வேணும், பிள்ளை. அங்காலை என்ன கிடக்குதெண்டு எட்டிப் பாக்கிறது அடக்கமில்லை."

விழாவை முன்னிட்டுச் சபை ஓர் அறிவித்தலும் விட்டது. படல நாளன்றும் அதற்கு முதல்நாளும் பிள்ளைகளின் வீடுகளில் மச்சம் சமைக்கலாகாது. மீன்பிடிக்கிற சனம் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டது. பிடித்த மீனைச் சந்தைக்கு அனுப்பிவிட்டு, ஓநாயின் பொருட்டுக் கத்தரிக்காய் சாப்பிட்டது.

"ஓநாய் என்னத்தைச் சாப்பிடுமாம்?" என்று மார்க்கண்டு கேட்டான்.

விழா காலையில் தொடங்கியது. வாழ்த்துரை, ஆசியுரை, அறிமுகவுரை, சிறப்புரை எல்லாம் முடிய வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. வாசலில் லொறி வந்து நின்றது. வலை, பானை சட்டி, பாய்ச் சுருள்களின் மேலே இரத்தினம்மா குழந்தையோடு ஏறி இருந்தாள்.

அருந்ததி பட்டுப்பாவாடை கட்டி, பூ வைத்து, திருநீறு பூசி மேடையில் நின்றாள். புத்தகம் தாம்பாளத்தில் மூடியபடி இருந்தது. அவள் கைகட்டிக் கண்ணை மூடி, "ஓ...நா...ய் க...த...வைத் தட்...டி...ய...து" என்று படித்தாள். அவ்வளவு வடிவான குரல். தாய்மார் கண்ணைத் துடைத்தார்கள். முத்துக்குமாரு கதவின் தத்துவத்தை விளக்கினார். கதவுக்கு வெளியே நிற்பது ஆணவம், உள்ளே இருப்பது ஆன்மா என்றார். திறந்தார்களா என்பதை அவர் தொடவில்லை. மார்க்கண்டு லொறிக்காரனிடம் இன்னும் கொஞ்ச நேரம் என்று கையைக் காட்டிக்கொண்டே நின்றான். சபை பிடித்து வந்த படப்பிடிப்புக்காரர் அருந்ததியின் கையில் புத்தகத்தைக் கொடுத்து நிற்கவைத்தார். திறக்கப் போன கையை அவரே பிடித்து மூடினார். படத்தில் அட்டை தெரிய வேண்டுமாம்.

படம் எடுத்ததும் எல்லாரும் முத்துக்குமாருவுக்குப் பொன்னாடை போர்க்கத் திரண்டார்கள். அந்தச் சனநெருக்கடியில் இராசமலர் தன் வாழ்நாளில் முதல் தடவையாக யோசிக்காமல் ஒரு காரியம் செய்தாள். புத்தகத்தையும் பிள்ளையையும் இழுத்துக்கொண்டு பாடசாலைக்குப் பின்புறம் ஓடினாள். கிணற்றடியில் குந்தி, கதவு தட்டுகிற பக்கத்தை விரித்து மடியில் வைத்தாள். துண்டு ஒட்டாத பக்கங்கள் வந்தால் படத்தைப் பார்த்துத் தானே சொல்லிவிடலாம். வேலை போனால் போகட்டும்.

"வாசி, பிள்ளை. கெதியாய் வாசி. ஒருத்தரும் இல்லை."

அருந்ததி கைகட்டினாள். கண்ணை மூடினாள். "ஓ...நா...ய்..." என்று அதே இராகத்தில் முழு வரியையும் படித்துவிட்டு நின்றாள்.

"கண்ணைத் திறந்து பார் அம்மா. எழுத்தைப் பார். பாத்திட்டுப் பக்கத்தைத் திருப்பு."

"நீங்கள் பயன் சொல்லேல்லையே ரீச்சர்."

"பயன் ஒண்டும் வேண்டாம். குட்டியள் கதவைத் திறக்குதுகளோ எண்டு நீதானே கேட்டனீ? அங்காலை இருக்கு. திருப்பு."

பிள்ளை புத்தகத்தைப் பார்த்தது, இராசமலரைப் பார்த்தது. ரீச்சருக்கே இது தெரியவில்லையே என்று அதற்கு ஒரு பரிதாபம்.

"படிக்கிற ஆள் திருப்பக் கூடாது ரீச்சர். அது அடக்கமில்லை."

வாசலில் லொறிக்காரன் பாம் பாம் என்று கோண் அடித்தான். "அருந்ததி!" என்று மார்க்கண்டு கத்தினான். இராசமலர் தானே பக்கத்தைத் திருப்ப விரலை வைத்தாள். அருந்ததி பதறி, அவளுடைய கையை எடுத்துவிட்டு, புத்தகத்தைப் பக்குவமாய் மூடினாள். அட்டையைத் தொட்டு இரண்டு கண்களிலும் ஒற்றிக்கொண்டாள். எழும்பி இரண்டு எட்டு ஓடியவள் திரும்பி நின்றாள். முகமெல்லாம் சிரிப்பு.

"ரீச்சர், நான் நல்லாய்ப் படிச்சனானே?"

"ஓம் பிள்ளை" என்றாள் இராசமலர். "நல்லாய்ப் படிச்சனீ."